மூன்றாம் நாளும் மெத்தென்று இருக்கும் ஓட்ஸ் திராட்சைக் குக்கீ

நான் முதன்முதலாக ஓட்ஸ் குக்கீ செய்து கொடுத்த அன்று, அம்மா அதை இரண்டு விரல்களால் பிடித்து, வாயின் இடது ஓரத்துக்குக் கொண்டு போனார். வலது பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மெல்லக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. பிறகு என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "வாசனை ரொம்ப நல்லா இருக்கும்மா, அப்புறமா பால்ல நனைச்சுச் சாப்பிடறேன்" என்று சொல்லித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார். மறுநாள் காலையிலும் அது அங்கேயே இருந்தது. எடுத்து உடைத்தேன். காய்ந்த சுள்ளியைப் போல டக்கென்று முறிந்தது. உள்ளே இருந்த திராட்சைகள் ஒவ்வொன்றும் மிளகைப் போல இறுகிக் கிடந்தன.

அம்மா பாலில் நனைக்காமல் சாப்பிடக்கூடிய ஒரு குக்கீயைச் செய்துவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். ஓவனிலிருந்து எடுத்த சூட்டில் எந்தக் குக்கீயும் மெதுவாகத்தான் இருக்கும்; அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. மறுநாளும், அதற்கு அடுத்த நாளும், டப்பாவைத் திறந்து எடுக்கும்போது மெத்தென்று இருக்க வேண்டும் என்பதே எனக்கு வேண்டியிருந்தது. அதற்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தட்டு, சில வாரங்களில் இரண்டு தட்டு என்று செய்து, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, குறித்து வைத்துக்கொண்டே வந்தேன்.

மென்மை வேண்டுமென்றால் வெண்ணெயைக் கூட்ட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். கூட்டினேன். மாவு உருகி ஓடி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தட்டு முழுவதும் ஒரே சல்லடையாக வந்தது. ஆறியதும் கண்ணாடி போல நொறுங்கியது. வெண்ணெய் குக்கீக்கு ருசியைத் தரும், வாயில் கரையும் தன்மையைத் தரும். மூன்றாம் நாள் மென்மையைத் தருவது தண்ணீர். இந்தக் குக்கீயின் செய்முறையில் தண்ணீர் என்று எந்த வரியிலும் எழுதியிருக்காது. ஆனால் முட்டையில் அது இருக்கிறது, வெண்ணெயின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அதுதான், பழுப்புச் சர்க்கரையிலும் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. அந்தச் சிறிதளவு தண்ணீருக்காக மாவில் உள்ள ஒவ்வொரு பொருளும் போட்டி போடுகிறது. யாருக்கு எவ்வளவு, எப்போது கிடைக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் குக்கீ மெதுவாவதும் கல்லாவதும். இது புரிந்த பிறகுதான் என் குறிப்பேட்டில் இருந்த தோல்விகளுக்கெல்லாம் காரணம் தெரிய ஆரம்பித்தது.

அந்தப் போட்டியில் முதல் தாகக்காரர் உலர் திராட்சை. பச்சைத் திராட்சையின் எடையில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர். உலர்ந்த பிறகு மிஞ்சுவது 15 சதவீதம் அளவுதான். அப்படிக் காய்ந்து கிடப்பதை அப்படியே மாவில் போட்டால் அது பக்கத்தில் உள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். மாவின் மேற்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் திராட்சைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஓவனின் சூடு நேரே பட்டு, இருக்கிற ஈரத்தையும் இழந்து, கருகிக் கசந்துவிடும். அம்மாவின் தட்டில் மிளகாகக் கிடந்தவை இவைதான்.

ஆகவே திராட்சையின் தாகத்தை முன்கூட்டியே தீர்த்துவிட வேண்டும். கொதித்து இறக்கிய தண்ணீரை அது மூழ்கும் அளவுக்கு ஊற்றி, 15 நிமிடம் மூடி வைக்கிறேன். சுருக்கங்கள் தளர்ந்து, தோல் பளபளத்து, ஒவ்வொன்றும் கொஞ்சம் உருண்டு வரும். பிறகு வடித்து, சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி, அரை மணி நேரம் காற்றில் விடுகிறேன். இந்த அரை மணி நேரத்தை ஒருமுறை நான் மிச்சப்படுத்தப் பார்த்தேன். திராட்சையின் மேலிருந்த ஈரமெல்லாம் மாவுக்குப் போய், மாவு தளர்ந்து, வந்தது குக்கீயாக இல்லாமல் சின்னச் சின்னக் கேக்காக இருந்தது. ஈரம் திராட்சைக்குள்ளே இருக்க வேண்டும், மேலே இருக்கக் கூடாது. வடித்த தண்ணீரை நான் கொட்டுவதில்லை; இனிப்பும் நிறமும் இறங்கிய அந்த நீரை மறுநாள் ஓட்ஸ் கஞ்சியில் சேர்த்துவிடுகிறேன்.

அடுத்தது ஓட்ஸ். கடையில் ஓட்ஸ் என்ற ஒரே பெயரில் கிடைப்பவை எல்லாம் ஒன்றல்ல. உமி நீக்கிய ஓட்ஸ் மணியை ஆவியில் வேகவைத்து, உருளைகளுக்கு இடையே நசுக்கித் தட்டையாக்கினால் கிடைப்பது ரோல்டு ஓட்ஸ். அதையே சிறிதாக வெட்டி, இன்னும் மெல்லியதாக நசுக்கினால் சீக்கிரம் வேகும் குயிக் ஓட்ஸ். மணியை நசுக்காமல் இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டி மட்டும் விற்பது ஸ்டீல் கட் ஓட்ஸ். குக்கீ ஓவனில் இருக்கும் 11 நிமிடத்தில் அது வேகாது, குக்கீக்குள் மணல் போலப் பல்லில் இடறும், இதற்கு ஆகவே ஆகாது. உடனடிக் கஞ்சிக்கென்று விற்கும் தூள் ஓட்ஸ் எதிர்ப் பக்கத்துத் தவறு. ஈரத்தை ஒரே மூச்சில் குடித்துக் குழைந்துவிடும். எனக்குப் பிடித்தது ரோல்டு ஓட்ஸ். அதில் கால் பங்கை மட்டும் மிக்ஸியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொரகொரப்பாக உடைத்துக்கொள்கிறேன். முழு இதழ்கள் மெல்லுவதற்கு ஏதோ ஒன்றைத் தருகின்றன; உடைத்தவை இடைவெளிகளை நிரப்பி, மாவைச் சேர்த்துப் பிடிக்கின்றன. ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார்ப்பொருள் இருக்கிறது. கஞ்சி வழவழப்பாக வருவதற்குக் காரணம் அதுதான். குக்கீயிலும் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆனால் அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

சர்க்கரையைப் பற்றிச் சொல்லும்போது இனிப்பை ஒதுக்கிவிட்டே பேச வேண்டும். வெள்ளைச் சர்க்கரை மட்டும் சேர்த்தால் ஓரம் மொறுமொறுப்பாகி, குக்கீ பரந்து விரியும். பழுப்புச் சர்க்கரையில் மொலாசஸ், அதாவது கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்தபின் மிஞ்சும் கரிய பாகு, கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. அதோடு அதில் லேசான அமிலத்தன்மையும் உண்டு. பேக்கிங் சோடா வேலை செய்ய அந்த அமிலம் வேண்டும். வெண்ணெயும் ஓட்ஸும் அதை ஈடு செய்ய மாட்டா. நான் நான்கு பங்கு பழுப்புக்கு ஒரு பங்கு வெள்ளை சேர்க்கிறேன். சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்த்தும் பார்த்தேன். உள்ளே வேகும் முன்பே மேலே கருத்துவிட்டது. (ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது என்பதால், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தச் சோதனையே வேண்டாம்.)

இனி அளவு. ஓராண்டு வரை என் குக்கீகள் வறண்டதற்குப் பெரிய காரணம் ஒரு கப் மைதாதான் என்பதை மிகத் தாமதமாகக் கண்டுபிடித்தேன். கப்பைப் பாத்திரத்துக்குள் அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரை வருகிறது. கரண்டியால் தளர்வாக இட்டு நிரப்பி, கத்தியின் முதுகால் தலையை வழித்தால் 120 கிராம்தான் வருகிறது. ஒரே கப், ஒரே மாவு. வித்தியாசம் 30 கிராம். அந்த 30 கிராம் மைதா குடிக்கும் தண்ணீர், ஓட்ஸுக்கும் திராட்சைக்கும் போய்ச் சேர வேண்டியது. பாஸ்டன் சமையல் பள்ளியில் கற்பித்த ஃபேனி ஃபார்மர் என்ற பெண்மணி, 1896-இல் வெளியிட்ட தம் சமையல் நூலில், கப்பும் கரண்டியும் தலை வழித்துத்தான் அளக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். அதற்கு முன் ஒரு கைப்பிடி, முட்டையளவு வெண்ணெய் என்றெல்லாம்தான் எழுதுவார்கள். ஓட்ஸ் குக்கீக்கான செய்முறையும் அந்த நூலில் இருக்கிறது. அவர் சொன்னதை நூறாண்டுகளுக்கும் பிறகு நான் பாதி மட்டும் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது எல்லாவற்றையும் தராசில் வைத்தே எடுக்கிறேன். மற்ற எந்தக் கருவியை வாங்காவிட்டாலும் ஒரு சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

என் குறிப்பேட்டில் கடைசியாக நின்ற அளவு இது: உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம், பழுப்புச் சர்க்கரை 120 கிராம், வெள்ளைச் சர்க்கரை 30 கிராம், ஒரு முட்டை, வெனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி, மைதா 100 கிராம், பேக்கிங் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டிக்குச் சற்று மேல், பட்டைத் தூள் அரைத் தேக்கரண்டி, ஓட்ஸ் 140 கிராம், ஊறவைக்கும் முன் எடை போட்ட உலர் திராட்சை 110 கிராம். 30 கிராம் உருண்டையாக எடுத்தால் 22 வரும். உப்பை விட்டுவிடாதீர்கள், உப்பில்லாத ஓட்ஸ் குக்கீ எத்தனை இனிப்பாக இருந்தாலும் சப்பென்றுதான் இருக்கும்.

கலக்குவதில் சொல்ல அதிகம் இல்லை. வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் பளபளத்து எண்ணெய் விடக் கூடாது. அதைச் சர்க்கரைகளோடு சேர்த்து இரண்டு நிமிடம் குழைத்தால் நிறம் ஒரு படி வெளுக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். கேக்குக்குச் செய்வதுபோல அடித்துக்கொண்டே இருந்தால் காற்று நிறையச் சேர்ந்து, ஓவனில் உப்பி, வெளியே எடுத்ததும் அமுங்கிப் போகும். முட்டை, வெனிலா, பிறகு சலித்த மைதாவும் சோடாவும் உப்பும் பட்டையும். மைதாவின் வெள்ளைக் கோடுகள் மறையும் வரை மட்டும் கரண்டியால் புரட்டி, ஓட்ஸையும் திராட்சையையும் கடைசியில் சேர்க்கிறேன். என் மகனுக்கு எட்டு வயது. இந்தக் கட்டத்தில் அவன் விரல் கிண்ணத்துக்குள் வரும். பச்சை முட்டை மட்டுமல்ல, வேகாத மைதாவும் வயிற்றுக்குக் கேடு செய்யும் கிருமிகளைச் சுமந்திருக்கலாம் என்பதால் அந்த விரலைத் தடுக்கிறேன். அதற்கு ஈடாக ஊறிய திராட்சையில் நாலைந்தை முதலிலேயே எடுத்து வைத்துவிடுகிறேன்.

அவனுக்குத் திராட்சையே பிடிக்காது என்று நாங்கள் நெடுநாள் நம்பியிருந்தோம். குக்கீயைப் பிய்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் கட்டுவான். ஊறிய திராட்சையை அவன் எடுத்து எடுத்துத் தின்றதைப் பார்த்த பிறகுதான், அவன் வெறுத்தது பல்லில் ஒட்டும் அந்தக் காய்ந்த கசப்பை என்று தெரிந்தது. இப்போது பாதித் திராட்சையைக் கத்தியால் இரண்டாக நறுக்கிச் சேர்க்கிறேன். ஒவ்வொரு கடியிலும் கொஞ்சம் வரும், எங்கும் குவியாது.

இனி, காத்திருப்பு. எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான், குக்கீயை மாற்றியதும் இதுதான். கலந்த மாவை உடனே ஓவனில் வைத்துவிடும் வழக்கத்தை நிறுத்தி, மூடி, ஃப்ரிட்ஜில் வைக்க ஆரம்பித்தேன். குறைந்தது ஒரு மணி நேரம். முடிந்தால் ஓர் இரவு. முதல் முறை இரவு முழுவதும் வைத்துவிட்டுக் காலையில் கிண்ணத்தைத் திறந்தபோது, அதே மாவுதானா என்று ஐயம் வந்தது. இரவில் அது ஈரமாக மினுங்கியது. கரண்டியைச் சாய்த்தால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஓட்ஸ் இதழ்கள் ஒவ்வொன்றும் கூர்மையான ஓரத்தோடு தனித்தனியே தெரிந்தன. காலையில் மினுக்கம் போய் மங்கலாகியிருந்தது. இதழ்களின் ஓரம் மழுங்கி, தடித்து, ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடந்தன. கரண்டியை ஊன்றினால் நின்றது. ஓட்ஸ் தன் பங்குத் தண்ணீரை இரவு முழுக்க நிதானமாகக் குடித்திருந்தது. அவசரப்பட்டு வைத்த நாள்களில் ஓட்ஸ் குடிக்கும் முன்பே அந்தத் தண்ணீரை ஓவன் ஆவியாக்கிக் கொண்டு போயிருக்கிறது. வெண்ணெயும் குளிர்ந்து இறுகிவிடுவதால், உருகி ஓடுவதற்குள் உருண்டையின் ஓரம் வெந்து நின்றுவிடுகிறது. குக்கீ தடிமனாக வருகிறது.

உருண்டைகளைப் பட்டர் பேப்பர் விரித்த தட்டில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு வைத்து, உள்ளங்கையால் லேசாக அழுத்துகிறேன். மேலே துருத்தும் திராட்சையை விரலால் உள்ளே தள்ளிவிடுகிறேன். ஓவன் 175 டிகிரி செல்சியஸ். இந்த எண்ணை நம்பும் முன் ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிப் பாருங்கள்; என் ஓவனின் திருகில் 175 என்று வைத்தால் உள்ளே 190 இருந்தது. அந்த 15 டிகிரியும் ஓராண்டாக என் குக்கீகளின் ஈரத்தைத் தின்றிருக்கிறது.

பதினோராவது நிமிடம்தான் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டிய நேரம். கதவைத் திறந்து பார்த்தால் ஓரங்கள் மட்டும் பொன்னிறமாகியிருக்கும். நடுப்பகுதி வெளுத்து, உப்பி, ஈரப் பளபளப்போடு, தொட்டால் விரலில் ஒட்டும்போல இருக்கும். பார்க்கிற கண்ணுக்கு அது வேகாத குக்கீ. இன்னும் மூன்று நிமிடம் வேண்டும் என்று கை தானாகக் கதவை மூடப் போகும். அந்த மூன்று நிமிடத்தில்தான் நான் ஒன்றரை ஆண்டு தோற்றேன். மாவும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமாகிற வேலைக்கு, 1912-இல் அதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மயார் பெயரையே வைத்திருக்கிறார்கள். மேற்பரப்பு நன்றாகக் காய்ந்த பிறகுதான் அந்த நிறம் வேகமாகப் பிடிக்கும். நடுப்பகுதியும் பொன்னிறமாகட்டும் என்று காத்திருந்தால், நடுவிலும் தண்ணீர் போகட்டும் என்று காத்திருக்கிறோம் என்றுதான் பொருள். ஓரத்தின் நிறத்தை மட்டும் நம்பி, நடுப்பகுதியை நம்பாமல், தட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் சூடான தட்டின் மேலேயே எட்டு நிமிடம் விடுகிறேன். உள்ளே வேக வேண்டியது அந்தத் தட்டின் சூட்டில் வெந்துவிடும். உப்பிய நடுப்பகுதி மெல்ல அமர்ந்து, மேலே சின்னச் சின்ன வெடிப்புகள் விழும். அதற்கு முன் தூக்கினால் கையிலேயே பிய்ந்துபோகும். பிறகுதான் கம்பித் தட்டுக்கு மாற்ற வேண்டும்.

என் கணவருக்கு ஓரம் நொறுங்க வேண்டும். அவருக்கென்று தனி மாவு தேவையில்லை. ஆறு உருண்டைகளை இன்னும் தட்டையாக அழுத்தித் தனித் தட்டில் 14 நிமிடம் விட்டால் போதும். ஒரே மாவில் அவருக்கும் கிடைக்கிறது, அம்மாவுக்கும் கிடைக்கிறது. மாவு மிஞ்சினால் உருண்டைகளாகவே உறையவைத்து, இரண்டு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். உறைந்தபடியே ஓவனில் வைத்து, இரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டால் சரியாக வரும்.

முழுவதும் ஆறிய பிறகே டப்பாவில் அடுக்குகிறேன். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து மேற்புறம் பிசுபிசுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு துண்டு ரொட்டியையும் போட்டு மூடினால், ரொட்டியின் ஈரம் குக்கீக்குப் போய்ச் சேரும். மறுநாள் ரொட்டித் துண்டு விறைத்திருக்கும், குக்கீ மெதுவாக இருக்கும். மென்மையும் நொறுக்கும் ஒரே டப்பாவில் கூடாது. இரண்டையும் ஒன்றாக வைத்தால் நொறுக்கு நமத்துப் போகும், மென்மை வறண்டு போகும். டப்பாவை வைக்கும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன்: வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். திராட்சை, உலர்ந்ததோ பச்சையோ, நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடிய நஞ்சு. ஒரு குக்கீதானே என்று விட்டுவிடக் கூடாது.

எங்கள் வீட்டில் நாய் இல்லை. டப்பா அலமாரியின் கீழ்த்தட்டில்தான் இருக்கிறது, அம்மாவுக்குக் கை எட்டுகிற உயரத்தில். சென்ற வாரம் செய்தது ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை மாலை நான் வேலையிலிருந்து வந்தபோது அம்மாவும் மகனும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். டப்பாவில் ஒன்றே ஒன்று மிச்சம். அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்து மெல்லப் பிரித்தார். சத்தமே வரவில்லை. நடுவில் இருந்த திராட்சை ஒன்று இழுபட்டு, எந்தப் பாதிக்குப் போவது என்று தெரியாமல் ஒரு கணம் தொங்கி நின்றது. "இந்தாப்பா, உன் பக்கம்தான் வருது" என்று அந்தப் பாதியை அவனிடம் நீட்டிவிட்டு, மற்றதை வாயில் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, "மாவு ஏதாவது மிச்சம் இருக்காம்மா?" என்று கேட்டார். பால் தம்ளர் மேசையில் இல்லை.